பாறணை இல்லாத விரதம்

“பாறணை எப்போது, பிள்ளை?”

தீபாவளி நாள் மத்தியானம், விசுவமடுவில் அம்மா வீட்டு விறாந்தையில், இலைக்கு முன்னால் நான் உட்கார்ந்ததும் மாமி கேட்டார். அப்பாவின் தமக்கை அவர். எழுபது வயதைத் தாண்டியும் கேதாரகௌரி விரதத்தை ஒரு வருடம்கூட விடாதவர். அந்த வருடம் தீபாவளியும் விரதத்தின் கடைசி நாளும் ஒன்றாக வந்திருந்தன. மாலையில் கோயிலுக்குப் போய், 21 முடிச்சுப் போட்ட காப்பைக் கையில் கட்டிய பிறகுதான் அவருக்குச் சாப்பாடு. அதனால் எங்களோடு இலையில் உட்காராமல், சுவரோரம் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி ஒவ்வொருவர் இலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் இலையில் ஆட்டிறைச்சி இல்லை, தயிர் இல்லை, பப்படத்துக்கு மேல் ஊற்றும் நெய்யும் இல்லை. மீன், இறைச்சி என்ற மச்சத்தை விலக்குகிறவருக்கு ஒரு விரதம் இருக்க வேண்டும், விரதம் என்று ஒன்று இருந்தால் அதை முடித்துச் சாப்பிடும் பாறணையும் இருக்க வேண்டும். மாமி அறிந்த ஒழுங்கு அது.

“இதற்குப் பாறணை இல்லை, மாமி” என்றேன்.

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்படியும் ஒரு விரதமா?” என்று மெல்லக் கேட்டார். கேலியாக அல்ல, தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்பியே கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று இலையில் இருந்துகொண்டு சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் வவுனியாவில் இருக்கிறேன். பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி என்றால் பஸ் ஏறி, ஏ9 வீதியில் பரந்தன் வரை போய், அங்கிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ்ஸில் மாறி அம்மா வீட்டுக்குப் போவேன். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சாப்பிடாமல் விட்டு ஆறு வருடங்கள் ஆகின்றன. வவுனியாவில், என் சொந்த அடுப்பில், இது எனக்கு ஒரு பாடே இல்லை. என் அடுப்பில் நான் வைப்பதுதான் கறி. சிரமமெல்லாம் பெருநாட்களில்தான்: பதினைந்து பேர் ஒன்றாக உட்காரும் பந்தியில், எனக்காக ஒருவர் விடிய எழுந்து சமைத்து வைத்ததை “வேண்டாம்” என்று சொல்ல வேண்டிய அந்த நிமிடத்தில்.

முதல் வருடச் சித்திரையை நினைத்தால் இப்போதும் மனம் நோகிறது. வருடப்பிறப்பன்று எங்கள் வீட்டில் சைவம், மறுநாள்தான் மச்சம். அண்ணி மாத்தளன் பக்கமிருந்து இறால் எடுப்பித்து, காலை முழுக்க இருந்து ஓடு கழற்றி, எனக்குப் பிடிக்கும் என்று முருங்கைக்காய் போட்டுப் பிரட்டல் வைத்திருந்தார். நான் இப்படி மாறியதை யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அகப்பை என் இலைக்கு மேல் வந்தபோது கையை நீட்டி மறித்தேன். அகப்பை அப்படியே நின்றது. அண்ணி ஒன்றும் சொல்லாமல் அடுத்த இலைக்குப் போனார். அன்று பின்னேரம் அவர் கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது நான் போய் ஏதேதோ விளக்கம் சொன்னேன். “முதல் நாளே சொல்லியிருந்தால் வாழைக்காயைப் போட்டிருப்பேனே” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அது முழுக்க நியாயம்.

ஏன் விட்டேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா வீட்டில் சிவப்பி என்று ஒரு பசு இருந்தது. அது ஈன்ற நாம்பனை, அதாவது ஆண் கன்றை, எட்டாம் மாதத்தில் விற்றார்கள். நாம்பனை வைத்து என்ன செய்வது? உழவுக்கு லான்ட்மாஸ்டர் என்ற சிறு உழவு இயந்திரம் வந்துவிட்டது, மேய்ச்சல் தரையும் சுருங்கிவிட்டது. வாங்க வந்தவர் அதே லான்ட்மாஸ்டரின் பெட்டியில்தான் கன்றை ஏற்றிக்கொண்டு போனார். எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சிவப்பி மூன்று இரவுகள் படலையடியில் நின்று கத்தியது. காலையில் அம்மா கறந்து வந்த பாலில் தேநீர் ஊற்றித் தந்தார். குடிக்க முடியவில்லை. இறைச்சியை அதற்கு முந்திய வருடமே விட்டிருந்தேன். பாலை அன்று விட்டேன். எங்கள் ஊரில் மாடு வளர்க்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. 2009 தை மாதம் போரால் ஊரை விட்டுப் புறப்படும்போது, அப்பா தொழுவத்தில் நின்ற அத்தனை மாடுகளின் கயிற்றையும் அறுத்து, “நீங்களாவது பிழையுங்கள்” என்று சொல்லி விட்டதைக் கண்டவள் நான். மாட்டின் மேல் அன்பில்லாத வீடு அல்ல எங்களுடையது. அந்த அன்பை நான் இன்னும் கொஞ்சத் தூரம் கொண்டுபோக விரும்பினேன்.

அம்மாவுக்கு இறைச்சியை நான் விட்டது பெரிய விஷயமாகப் படவில்லை. எங்கள் வீட்டு நாட்காட்டியில் பாதி நாட்கள் சைவம்தான். வெள்ளிக்கிழமை, அமாவாசை, பூரணை, புரட்டாசிச் சனி, கந்தசட்டியில் ஆறு நாள், திருவெம்பாவையில் பத்து நாள். வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் நெருங்கினால் மச்சச் சட்டியைக் கழுவி, கவிழ்த்து, குசினி மூலைக்குத் தள்ளிவிடுவார். கடல்நீரில் விளக்கெரியும் அந்தப் பொங்கல் முடியும் வரை அது நிமிராது. மச்சத்துக்கு ஒரு சட்டி, மரக்கறிக்கு ஒரு சட்டி என்று தனித்தனியாக வைத்திருக்கும் குசினியில் என்னைப் போன்றவளுக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. பால்தான் வழக்காகிவிட்டது. பால் குடிக்காத சைவம் எங்கே இருக்கிறது? அபிஷேகத்துக்குப் பால், பொங்கலுக்குப் பால், வந்தவருக்குப் பால்தேநீர். 2022 இல் 400 கிராம் பால்மாப் பைக்கற் ஒன்று 1000 ரூபாயைத் தாண்டி, கடைகளில் வரிசை நின்ற நாட்களிலும், படலை திறந்து வருகிறவருக்கென்று ஒரு பைக்கற்றை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தவர் அம்மா. அவரிடம் போய் “எனக்கு வெறுந்தேநீர் போதும்” என்றால், தன் வீட்டுக்கு வந்த மகளைக் கவனிக்கவில்லை என்று பிறர் நினைப்பார்களே என்பதுதான் அவருடைய முதல் கவலை.

இரண்டாவது கவலை இதைவிட ஆழமானது. அதை அவர் சொல்ல மூன்று வருடங்கள் ஆயின.

ஒரு பொங்கலுக்கு முதல் நாள் இரவு, குசினியில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் பயறு வறுத்துக்கொண்டிருந்தோம். பயறு பொன்னிறத்துக்கு வரும்போது எழும் வாசம் வீடு முழுக்கப் பரவியிருந்தது. அகப்பையால் கிளறிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னார்: “முள்ளிவாய்க்காலில் தம்பி மீன்குழம்பு கேட்டு அழுதான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கடலுக்குப் பக்கத்தில்தான் இருந்தோம். ஒரு மீன் இல்லை. அரிசியும் உப்பும் தண்ணீரும்தான். இப்போது எல்லாம் இருக்கிறது. நான் வைத்துத் தருகிறேன். நீ வேண்டாம் என்கிறாய்.”

தம்பிக்கு அப்போது பதினொரு வயது. எனக்கு ஞாபகம் இருந்தது. கஞ்சியில் அரிசியை எண்ணிவிடலாம் போல இருக்கும். தரப்பாளின் கீழே அம்மா தன் கோப்பையிலிருந்து எங்கள் கோப்பைகளுக்குச் சரித்து ஊற்றியதும் ஞாபகம் இருந்தது. மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பி, கூரையில்லாத வீட்டின் முன் மூன்று கல் வைத்து மூட்டிய முதல் அடுப்பில் அவர் சமைத்தது மீன்குழம்பு என்பது மட்டும் அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குழம்பை அன்று சுவைத்துச் சாப்பிட்டேன். அது எதற்காக வைக்கப்பட்டது என்று கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு அம்மா வீட்டில் “வேண்டாம்” என்று நான் சொல்வது மிகக் குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கேட்கத் தொடங்கினேன். பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போதே தொலைபேசியில் கேட்பேன்: “அம்மா, வாழைப்பூ வறை வேண்டும். பயற்றங்காயைப் பொரித்துக் குழம்பு வையுங்கள். இராசவள்ளிக்கிழங்கு கிடைத்தால் கஞ்சி காய்ச்சுவோம்.” கேட்டதைச் சமைத்துக் கொடுக்கும் தாயின் முகத்தில் வரும் ஒளி, விலக்கியதைத் திருப்பி எடுக்கும் தாயின் முகத்தில் வராது. இவ்வளவு எளிய விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருடங்கள் எடுத்தன.

இன்னொன்று, முதல் நாளே போய்விடுவது. பெருநாள் காலையில் போய் இறங்கினால் நான் விருந்தாளி. முதல் நாள் மாலையில் போய்ச் சேர்ந்தால் குசினியில் எனக்கும் ஒரு பலகைக்கட்டை உண்டு. திருவலையில் இருந்து தேங்காய் துருவுகிறவளுக்கு எந்தக் கறியில் என்ன போகிறது என்று தெரியும். சம்பலுக்கு மாசிக் கருவாடு போடும் முன்பே எனக்கென்று ஒரு கை அள்ளி வைத்துவிடலாம். எங்கள் சம்பலில் மாசித்தூள், சுண்டலில் நெத்தலி, கீரையில் கொஞ்சம் கூனி இறால் என்று கண்ணுக்குத் தெரியாமல் சேரும் சரக்குகள் அதிகம். சமைக்கிறவருக்கு அவை மச்சமாகவே தோன்றுவதில்லை, உப்பு மாதிரி. காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினால் மீன், நண்டு, இறால் போகும் முன், மரவள்ளியும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் அவிந்த நிலையில் ஒடியல் மாவைக் கரைத்து எனக்கு ஒரு சின்னச் சட்டியில் வேறாக்கி வைக்கிறார் அண்ணி. பழப்புளியும் செத்தல் மிளகாயும் சரியாக விழுந்தால் அந்தக் கூழுக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணியின் இரண்டு பிள்ளைகளும் இப்போது என் சட்டிக்குத்தான் முதலில் பிலாவிலை மடித்துக்கொண்டு வருகிறார்கள்.

குசினிக்குள் இருந்து பார்த்தபோதுதான் பால் பற்றிய வழக்கும் தீர்ந்தது. எங்கள் குசினியில் பால் என்றால் முதலில் தேங்காய்ப்பால்தான். பால்கறி, பால்சொதி, பால்ரொட்டி எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். முதற்பால், இரண்டாம் பால், கடைசிப்பால் என்று பிழிந்து பிரித்து, கடைசிப்பாலில் காய் அவிய, முதற்பாலை இறக்கும் நேரத்தில் விட்டுச் சமைக்கும் பெண்களுக்குப் பசுப்பால் இல்லாமல் சமைப்பதை யாரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் முறுக்கும் எங்கள் வீட்டில் மாவும் தேங்காயும் எண்ணெயும் இனிப்பும்தான். கேக், அச்சுப்பலகாரம், ரின்பால் விட்ட பாயசம் இவற்றை மட்டும் நான் தொடுவதில்லை. நத்தாருக்குப் பக்கத்து வீட்டு அக்கா கேக் தட்டோடு வரும்போது அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தட்டை வெறுமனே திருப்பாமல் பணியாரம் வைத்து அனுப்புவேன். அவரும் இப்போது எனக்கென்று கச்சான் அல்வா கொண்டு வருகிறார்.

பொங்கல் பானையில் பசுப்பால் விடாமல் எப்படி என்று மட்டும் அம்மா தயங்கினார். சூரியனுக்கு வைப்பதில் குறை வைக்கலாமா? அம்மம்மா என்ன விட்டார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அம்மம்மாவின் காலத்தில் காடு வெட்டிக் குடியேறிய புதிதில், மாடு வாங்க வழியில்லாத வருடங்களில், தேங்காய்ப்பால்தான் பொங்கியது என்று அவரே சொன்னார். அந்தத் தையில் முற்றத்தில் கோலம் போட்டு, கிழக்குப் பார்த்து மூன்று கல் வைத்து, இரண்டு தேங்காயின் பாலைப் பானைக்குள் விட்டோம். தேங்காய்ப்பால் பசுப்பாலைப் போல ஒரேயடியாகச் சீறி எழாது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழியாக வந்து, நுரை கூடி, பானையின் கழுத்தில் தயங்கி நிற்கும். அம்மா விறகை உள்ளே தள்ளினார். தம்பியின் மகன் வெடியோடு காத்திருந்தான். நுரை விளிம்பைத் தாண்டிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. “கிழக்கே வழிந்தது, கிழக்கே வழிந்தது” என்று அம்மா சத்தம் போட்டுச் சொன்னதை அடுத்த வீட்டாரும் கேட்டிருப்பார்கள்.

தீபாவளிதான் எல்லாவற்றிலும் கடினம். எங்கள் பக்கத்தில் தீபாவளி என்றால் பங்கு இறைச்சி. ஏழெட்டு வீடுகள் சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி, விடியற்காலையில் அடித்து, வாழையிலையில் ஒரே அளவான குவியல்களாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு குவியலிலும் தசை, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சமமாக இருக்க வேண்டும். யாருக்கும் கூடாமல் குறையாமல் பங்கு வைக்கும் அந்தக் கைக்கு ஊரில் மரியாதை உண்டு. அப்பா இருந்த காலத்தில் அந்தக் கை அவருடையது. அதனால் அந்தக் காலையை நான் வெறுக்கவில்லை. கிடாய் நிற்கும் வளவுக்குப் போவதும் இல்லை. எண்ணெய் முழுக்கு முடித்து நேரே குசினிக்குப் போய்விடுவேன்.

அங்கே பெரியம்மா எனக்காக ஒன்று செய்வார். தீபாவளி வருவது மாரி மழை தொடங்கும் காலத்தில். முதல் மழைகளுக்குப் பிறகு காட்டோரம் கறையான் புற்றுகளில் காளான் முளைக்கும். எது கறிக்கு, எது நஞ்சு என்று பெரியம்மாவின் கண்ணுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, அதனால் நான் பறிப்பதில்லை. நீங்களும் தெரிந்தவர் இல்லாமல் பறிக்க வேண்டாம். அதை மண் போகக் கழுவி, விரலால் நீளவாக்கில் கிழித்து வைப்பார். கத்தி படக்கூடாது என்பது அவர் கணக்கு. அடுத்த அடுப்பில் இறைச்சிக்குப் போகும் அதே வறுத்த சரக்குத்தூள், அதே கறுவா, பெருஞ்சீரகம், றம்பை, இஞ்சி, உள்ளி. தேங்காயெண்ணெயில் வெங்காயம் சிவந்ததும் காளானைப் போட்டு மூடிவிடுவார். தண்ணீர் விடவே மாட்டார். காளான் விடும் நீரிலேயே அது வேகும். நீர் வற்றி எண்ணெய் பிரியும் நேரத்தில் முதற்பால் ஒரு சிரட்டை. மூடியைத் திறந்தால் முற்றத்தில் நிற்பவர்களுக்கும் வாசம் போகும். கடந்த தீபாவளியில் அண்ணா கேட்டுக் கேட்டு இரண்டு முறை போட்டுக்கொண்டார். எனக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். பெரியம்மாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன்: இறைச்சிச் சட்டி அகப்பை என் சட்டிக்குள் வரக்கூடாது. அதற்காகக் காளான் சட்டிக்குச் சிரட்டை அகப்பை ஒன்றைத் தனியாகச் செய்வித்து, காம்பில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறார்.

உடம்பு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பந்தியில் கேட்கப்படும் கேள்விகளில் பாதி அதுதான். “இரத்தம் வற்றிப் போகும்” என்பார் சித்தி. அவர் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பி12 உயிர்ச்சத்து மரக்கறியிலோ தானியத்திலோ நம்பும்படி கிடைப்பதில்லை. ஈரலில் சேர்ந்திருப்பது சில வருடங்களுக்குத் தாங்குவதால் குறைபாடு உடனே தெரியாது. பிறகு களைப்பாகவும் கை கால் விறைப்பாகவும் வரும். பாலையும் விட்டவர் பி12 மாத்திரை எடுக்கத்தான் வேண்டும். நான் எடுக்கிறேன், வருடத்துக்கு ஒரு தடவை இரத்தம் சோதிக்கிறேன். இதை மறைத்து “எல்லாம் இலைகுழையிலேயே இருக்கிறது” என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மற்றபடி எங்கள் மண் குறை வைக்கவில்லை. 100 கிராம் பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம். அதே அளவு குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம். உழுந்து, கௌப்பி, கச்சான், எள்ளு எல்லாம் வன்னியில் விளைகிறவை. முருங்கையிலை வறைக்கு மேல் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்தை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது குறையும். சித்திக்கு இதைச் சொன்ன பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுகிறார். அவருக்கும் இரத்தச்சோகை இருந்தது.

வைகாசியில் ஒரு நாள் இருக்கிறது, அதைப் பெருநாள் என்று சொல்ல முடியாது. மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அன்று படலைக்கு வெளியே பெரிய பானை வைத்து அம்மா கஞ்சி காய்ச்சுவார். அரிசி, தண்ணீர், உப்பு. இப்போது கொஞ்சம் தேங்காய்ப்பாலும் சேர்க்கிறார்கள், அம்மா சேர்ப்பதில்லை. வீதியால் போகிறவர்களுக்குச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார். அன்றைக்கு எல்லோரும் குடிப்பதையே நானும் குடிக்கிறேன். பக்கத்தில் தம்பி நின்று குடிப்பான். அன்று என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

போன சித்திரைக்கு ஒரு கிழமை முன்பு அம்மா தொலைபேசியில் அழைத்தார். வருடப்பிறப்புக்கு றவைக் கேசரி கிண்டுவதற்கு மாஜரின் வாங்கியிருந்தாராம். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன எழுத்துகளைத் தம்பியின் மகனைக் கொண்டு வாசிப்பித்திருக்கிறார்.

“அதில் பால் இருக்கிறதாம், பிள்ளை. பால் திண்மமோ என்னவோ என்று வாசித்தான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தேங்காயெண்ணெயில் கிண்டினால் கட்டிபடுமா?”

“படாது அம்மா. சுடச்சுட இறக்குங்கள்.”

“சரி. நீ முதல் நாளே வந்துவிடு. தேங்காய் துருவ ஆள் இல்லை.”